வெறும் வயிற்று ரத்தம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் லேப் டெக்னிஷியன்களுக்காக ஒரு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘முப்பத்தைந்து ஆண்டு மகத்தான சேவை’ என்று தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள். முதலில் அதை அடியுங்கள். எழுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்தேன், இந்த வருடம் ஓய்வு பெற்றேன். நடுவில் ஊர்ப்பட்ட பேரின் ரத்தத்தைச் சுழற்றிப் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். அதில் மகத்துவம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எழுதித் தருவதாகவே இல்லை. போன வாரம் நடந்த ஒன்றுதான் பேனாவை எடுக்க வைத்தது. என் மனைவிக்குச் சர்க்கரை பார்க்க ராமநாதபுரத்தில் ஒரு லேபில் காத்திருந்தோம். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ஒரு டெக்னிஷியன் பெண் வெளியே வந்தாள். உங்கள் வயதுதான். நேராக அந்த உப்பளத்துப் பெண்ணிடம் போனாள்.

“ஏங்க்கா, சாப்பிட்டுட்டுத்தான வந்தீங்க?”

“இல்லம்மா. வரக்காப்பி கூடக் குடிக்கல.”

“பொய் சொல்லாதீங்க. மெஷினே காட்டுது, ரத்தத்துல கொழுப்பு கலங்கியிருக்குன்னு. நாளைக்கு ஒழுங்கா வெறும் வயித்தோட வாங்க.”

நான் எழுந்துபோய் அந்த டெக்னிஷியன் பெண்ணிடம், அந்த ரத்தத்துக்கே கொழுப்பு எவ்வளவு என்று பாரேன் அம்மா என்றேன். “டாக்டர் சுகர் மட்டுந்தான் எழுதியிருக்காரு தாத்தா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். தாத்தா என்றதற்குக் கோபமில்லை. மெஷின் காட்டுது என்றாளே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் என் காலத்தில் அந்த மெஷின் நான்தான்.

உங்களுக்குத் தெரிந்த பாடம்தான், உங்கள் வீட்டார் இந்த மலரைப் புரட்டினால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் நீர் சீரம். அது வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கொழுப்பு மிகுந்தால் கலங்கும். மிக அதிகமானால் பாலாகவே ஆகிவிடும். வயிறார எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு வந்தவர்களின் சீரமும் கொஞ்சம் கலங்கும். அதனால் சீரம் கலங்கியிருந்தால் ஆள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், திருப்பி அனுப்பு என்பது எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழக்கம். சுலபமான வழக்கங்கள்தான் நம் தொழிலில் நெடுநாள் வாழும்.

நான் அந்த வழக்கத்தை வித்தையாகவே ஆக்கிவிட்டேன். ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வெறும் வயிறு என்று சத்தியம் செய்தார். அவருடைய குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, “பரோட்டாவா, பூரியா?” என்று கேட்டேன். அவர் வழிந்துகொண்டே, “ரெண்டே ரெண்டு பரோட்டா தம்பி, பசி தாங்கல” என்றார். போதாதா? அன்று முதல் நான் குழாயைப் பார்த்தே காலையில் என்ன தின்றார்கள் என்று சொல்லும் ஆள் ஆகிவிட்டேன். டாக்டர்களே வேடிக்கைக்காகக் கூப்பிட்டு, “இது என்னன்னு சொல்லு” என்பார்கள். வடை, பூரி, நெய்த்தோசை என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். எத்தனை தடவை தப்பாகச் சொன்னேன் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இருபது வருட சர்வீஸ் முடிந்திருந்தது. தலை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில்தான் நாகவள்ளி வந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முதுகுளத்தூருக்கு அப்பால் மானாவாரிக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். வயது இருபத்தெட்டு. கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாலு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்திருந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மகப்பேறு டாக்டரம்மா வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

அந்த டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைராசிக்காரர் என்று பெயர். அவருக்குக் கர்ப்பப்பைக்கு மேலே ஒரு உடம்பு இருப்பது தெரியாது. நீர்க்கட்டி என்றால் மாதவிலக்கு வர ஒரு மாத்திரை, கரு தங்க ஒரு மாத்திரை. பிள்ளை பிறந்தால் வெற்றி. பிறக்காவிட்டால் கடவுள் விட்ட வழி. அந்தப் பெண்ணுக்கு இதயம் என்று ஒன்று துடித்துக்கொண்டிருப்பது அவருடைய பாடத்திட்டத்திலேயே இல்லை. ரொம்பவும் அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எனக்குக் குழாய்க்கு வெளியே ஒரு ஆள் நிற்பதே தெரியாது.

நாகவள்ளி அப்போது கோயிலுக்கு நேர்ந்துகொண்டு ஒருபொழுது விரதத்தில் இருந்தாள். ஒரு மண்டலத்துக்குப் பகலில் ஒருவேளைச் சோறு மட்டும். காலையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் விரதம் முறிந்துவிடும், நேர்த்தி பலிக்காது. பிள்ளைக்காக அந்தக் குடும்பமே அந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது. கூடவே மாமியாரும் வந்திருந்தார்.

ரத்தம் எடுத்தேன். சுழற்றினேன். எடுத்துப் பார்த்தால் சுத்தமான பால். சன்னலுக்கு வெளியே காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன்.

“என்ன சாப்பிட்ட?”

“ஒண்ணும் திங்கல சார். ஒருபொழுது இருக்கேன்.”

“ஒருபொழுது இருக்கவ ரத்தம் இப்பிடியா இருக்கும்? இட்லியா தோசையா, அத மட்டும் சொல்லு.”

அவள் முந்தானையை இழுத்துத் தாடையை மூடிக்கொண்டாள். வந்ததிலிருந்தே அப்படித்தான் பாதி முகத்தை மூடியபடி பேசினாள். பொய் சொல்கிறவர்கள்தான் முகத்தை மறைப்பார்கள் என்று எனக்கு ஒரு ஞானம் இருந்தது. மாமியார் முன்னால் வந்தார்.

“அய்யா, எங்கூடத்தான் வந்தா. பச்சத்தண்ணி பல்லுல படல.”

“நீ தூங்கையில தின்னிருப்பா ஆத்தா.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அடுத்த வாரமும் பால். “போன தடவ பாலு, இந்தத் தடவ தயிரு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். இந்த முறை மாமியார் என்னிடம் எதுவும் வாதாடவில்லை. மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். என் வித்தைக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை முந்தின நாள் சாயங்காலமே ராமநாதபுரத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மாமியார் வாசற்படியை மறித்துப் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார். நாகவள்ளி காலையில் பல் கூட விளக்கவில்லை. இதையெல்லாம் சன்னலில் நின்று மாமியார்தான் சொன்னார். சீரம் அதே பால். எனக்குச் சலித்துப் போய்விட்டது. இவளுக்கு எத்தனை தடவைதான் குழாய் கழுவுவது என்று அப்படியே சர்க்கரையைப் பார்த்து, ரிப்போர்ட்டில் ‘சாப்பிட்ட பின்’ என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். வந்த சர்க்கரை அளவு வெறும் வயிற்றுக்கு அதிகம். அதைப் பார்த்தால் எந்த டாக்டரும் நீரிழிவு என்று சொல்லியிருப்பார். அதே அளவு சாப்பிட்ட வயிற்றுக்குச் சாதாரணம். நான் எழுதிய அந்த வார்த்தை ஒரு நோயாளியை ஆரோக்கியசாலி ஆக்கிவிட்டது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஒன்றும் இல்லை என்று சொல்லி, மாதவிலக்கு மாத்திரையையே தொடரச் சொன்னார். என் கையெழுத்தை நம்பித்தான் சொன்னார்.

இது மருத்துவத் தப்பு. இதைவிடப் பெரிய தப்பு சன்னலில் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மாமியார் காகிதத்தை என்னிடமே திருப்பிக் காட்டினார்.

“இதுல என்னய்யா எழுதியிருக்கு?”

“சாப்பிட்ட பின் எடுத்த ரத்தம்னு எழுதியிருக்கு.”

“அப்ப நெசமாவே தின்னிருக்காளா?”

“ரத்தம் பொய் சொல்லாது ஆத்தா.”

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. “சாமிக்கு நேந்துக்கிட்டு இப்பிடிப் பண்ணிட்டியேத்தா” என்றார். நாகவள்ளி, “இல்ல அயித்த” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு தரையைப் பார்த்தபடி அவர் பின்னாலேயே நடந்து போனாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மூன்று வருடம் கழித்துத்தான் அவளை மறுபடி பார்த்தேன். அதற்குள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு டியூட்டி டாக்டராக ஒரு பெண் வந்திருந்தாள். மதுரையில் படிப்பை முடித்து நேராக வந்தவள். என் மகள் வயதுகூட இருக்காது. அவளை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. லேபுக்குள் வந்து, “சார், இதை ஏன் இப்படிச் செய்றீங்க?” என்று எதையாவது கேட்பாள். நேற்று முளைத்ததற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுப்பேன்.

ஒரு மத்தியானம் நயினார்கோவில் பக்கமிருந்து ஒரு பெண்ணை வேனில் தூக்கி வந்தார்கள். மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தவள் முந்தின நாள் காலையில் காட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். தாடையில் வலி, முதுகில் பாரம், வியர்வை, வாந்தி. வீட்டில் வாய்வு என்று சீரகத் தண்ணீரும் சோடாவும் கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேஸ் என்று ஓர் ஊசியைப் போட்டு ட்ரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “புருஷன் வீட்ல வாழாம வந்திருக்காளாம். மனசு சரியில்ல. அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்புங்க” என்றார். ஒரு பெண்ணுக்கு எங்கே வலித்தாலும் அதை மனதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் திறமை அந்தத் தலைமுறை டாக்டர்கள் பலருக்கு உண்டு.

அந்தச் சின்ன டாக்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று நின்றாள். முப்பத்தோரு வயசுப் பெண்ணுக்கு ஹார்ட் அட்டாக்கா என்று நர்ஸ்கள் முதற்கொண்டு சிரித்தார்கள். காகிதம் வெளியே வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போன் போட ஓடினார். ரத்தம் எனக்கு வந்தது. சுழற்றினேன். பால். சீட்டில் பெயரைப் படித்தேன். நாகவள்ளி.

ரிசல்ட்டைக் கேட்டு டாக்டர் பெண்ணே வந்தாள். நான் வழக்கம்போல் சொன்னேன், “இந்தப் பொம்பள எப்பவுமே தின்னுட்டுத்தாம்மா வரும்.”

“நேத்துக் காலையில இருந்து வாந்தி சார். ட்ரிப்ஸ்லயே கிடக்காங்க. எங்க தின்னாங்க?”

அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா?”

“மூணு தடவ.”

“மூணு தடவயும் சாப்பிட்டாங்கன்னு நெனச்சீங்களா? இட்லி தின்னா ரத்தம் இப்படிப் பாலாகுமா சார்? நீங்க சாப்பிட்டு உங்க ரத்தத்தை எடுத்துப் பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. இருபத்துச் சொச்சம் வருடம் ஊரார் ரத்தத்தைப் பார்த்துப் பலகாரம் சொன்ன நான், ஒரு நாள்கூட என் ரத்தத்தைப் பார்த்ததில்லை.

அவள் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். நீர்க்கட்டி என்பது சினைப்பையோடு நிற்கிற கோளாறு இல்லை. அது உள்ள பெண்களில் நிறையப் பேருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை ஏறும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், ரத்த அழுத்தமும் கூடும். பிள்ளை இல்லை என்று வருகிற பெண்ணுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில பேருக்கு மாதவிலக்கு மாத்திரையே அந்தக் கொழுப்பை இன்னும் ஏற்றிவிடும். முகத்தில் முடி வளரும், அதற்கு வெட்கப்பட்டு மூடிக்கொண்டு திரிவார்கள், அதையாவது கவனித்திருக்கலாம் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் குத்தியது. அந்த முந்தானைக்கு நான் வேறு அர்த்தம் வைத்திருந்தேன்.

நாகவள்ளியை மதுரைக்கு ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசல் கடையில் நாலு உளுந்த வடையும் ஒரு பூரி செட்டும் தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து என் கையிலேயே ஊசியைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தேன். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி இலேசாகக் கலங்கியிருந்தது. அவ்வளவுதான். அதன் வழியாக எதிரே இருந்த காலண்டர் எழுத்தைப் படிக்க முடிந்தது. நாகவள்ளியின் குழாய் வழியாக எதுவும் தெரியவில்லை. பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். மூன்று இடத்தில் என் அழகான கையெழுத்தில், ‘சாப்பிட்டு வந்துள்ளார்’ என்று இருந்தது. அந்த ரத்தம் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்காமலேயே மூன்று தடவை வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பொய் சொன்னவன் நான்.

மேலும் விசாரித்ததில் தெரிந்தது இது. விரதத்தை முறித்தவள் என்று அந்த வாரமே அவளை நயினார்கோவில் பக்கம் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். புருஷன் தாய் பேச்சைத் தட்டாதவன். இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பேசியும் மாமியார் இறங்கி வரவில்லை. பிள்ளை இல்லாததற்காக அனுப்பவில்லை, சாமியிடமே பொய் சொன்னவளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அத்தாட்சியாக என் ரிப்போர்ட்டைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

லீவு போட்டுவிட்டு முதுகுளத்தூருக்குப் பஸ் ஏறினேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் அழகாக எழுத மாட்டேன். அந்தச் சின்ன டாக்டர் முகத்தில் முழிக்க முடியவில்லை, அதுதான் முதல் காரணம். மாமியார் ஆட்டுக்கு இலை கட்டிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இதுபோல ஆத்தா, உங்கள் மருமகள் அன்றைக்கு எதுவும் தின்னவில்லை, அது நோய், எனக்குத்தான் தெரியவில்லை, இப்போது நெஞ்சு அடைப்பு வந்து மதுரையில் கிடக்கிறாள் என்று சொல்லி முடித்தேன்.

“அப்ப அவ பொய் சொல்லலையா?”

“இல்ல.”

அவர் கையிலிருந்த இலைக் கட்டைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“ஆறு வருசமா எங்கண்ணு முன்னால இருந்தவ. அவ மொகத்த நம்பாம ஒங்க மொகத்த நம்புனேன்” என்றார். பிறகு, “இத அவகிட்ட சொல்லிட்டீகளா?” என்று கேட்டார்.

சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன். யாரைப் பொய்க்காரி ஆக்கினேனோ அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதுதான் நம் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் மரியாதை.

அவர் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். “வாங்க, போவோம்” என்றார். மதுரை வரைக்கும் இரண்டு பஸ். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் வந்து உட்காரவில்லை.

வார்டில் நாகவள்ளி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை முந்தானையைத் தேடியது. மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, “ஏத்தா, நீ திங்கலயாம். இவரு சொல்றாரு” என்று சொல்லிவிட்டு அழுதார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்ப நான் வெரதத்த முறிக்கல இல்ல சார்?”

“இல்லம்மா.”

“பல்லு வெளக்குன பொடி தொண்டைக்குள்ள போயிருக்குமோன்னு நெனச்சேன் சார். அதான் கடைசித் தடவ வெளக்காம வந்தேன். அப்பவும் நீங்க தின்னுருக்கேன்னு சொன்னீங்க. தூக்கத்துல எந்திரிச்சுத் தின்னுருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு.”

மூன்று வருடமாக அவள் இதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த மூன்று வருடத்தில் அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். மாமியார் தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். ஆனால் இந்த இதயத்தை வைத்துக்கொண்டு பிள்ளை பெறுவது ஆபத்து, வேண்டவே வேண்டாம் என்று மதுரையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை அந்தப் பாலைப் பார்த்தபோது நான் டாக்டரம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அன்றே மருந்து ஆரம்பித்திருப்பார்கள். பிள்ளை பிறந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பிறக்க ஒரு வழி இருந்திருக்கும். அதை அடைத்தவன் நான். முப்பத்தைந்து ஆண்டு மகத்தான சேவை என்று போடுகிறீர்களே, அதற்குள் இதுவும் அடக்கம்.

எல்லாருடைய சீரமும் இப்படிப் பாலாக வந்து நிற்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீர்க்கட்டி உள்ள பெரும்பாலான பெண்களுக்கு அது தெளிவாகத்தான் இருக்கும், அளவுகள் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு வரும். அதை யாராவது கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த பாலையே நான் பார்க்கவில்லை. நீங்கள் தெரியாததைப் பார்க்கப் போகிறீர்களா என்ன? உங்களிடம் இருப்பது என்னுடையதைவிட நல்ல மெஷின். அது ரத்தம் கலங்கியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சாப்பிட்டாள் என்று அது சொல்லவே இல்லை, அதை நீங்களாகச் சேர்த்துக்கொள்கிறீர்கள். வாலிநோக்கத்துக்காரி மறுநாள் வந்தாளா என்று கேட்கப் போனேன். வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவைதான் வருவாள். பெயரும் ஊரும் ரெஜிஸ்டரில் இருக்கிறது, ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள் என்று அந்த டெக்னிஷியன் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செய்தாளா என்று போய்ப் பார்ப்பேன்.

நாகவள்ளி அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க என்னிடம்தான் வந்தாள். ஏன் என்னிடமே வந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் மாமியாரும் வருவார். நான் சாப்பிட்டாயா என்று கேட்கவே மாட்டேன். ஆனாலும் அவள் கையை நீட்டும் முன்பே மாமியார் சன்னலில் வந்து நின்று, “பக்கத்துலயேதான் படுத்திருந்தேன் சார், ஒண்ணும் திங்கல” என்பார். வேண்டாம் ஆத்தா, சொல்ல வேண்டியதில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அடுத்த முறையும் வந்து சொல்வார்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நாகவள்ளி தனியாக வந்தாள். பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. முறை வந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“அயித்த போன மாசம் போய்ச் சேந்துட்டாக சார்” என்றாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றியபடி, “நான் திங்கலன்னு சொல்ல இனிமே ஆளில்ல. நீங்களா நம்புனாத்தான் உண்டு” என்றாள்.

ஊசியைக் கீழே வைத்தேன். அவளுடைய சீட்டை எடுத்து, ரத்தம் எடுப்பதற்கு முன்பே, ‘வெறும் வயிறு’ என்று எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.